பள்ளி வாயிலில் ஒரு துணை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவோர் வள்ளுவரைத் தொட்டுத் தொடங்குவது மரபு. நாங்கள் இன்று அம்மரபினின்றும் சற்றே விலகி, தில்லியின் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலிருந்து தொடங்க விரும்புகின்றோம்.

அன்று பெற்றோர் கூட்டம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு தமிழ்த் தாய் நின்றார். நம்மைப் போன்ற குடும்பங்களின் வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்து பிழைப்பவர். அன்றைக்கு இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அருகில் 7ஆம் வகுப்புப் படிக்கும் மகன். ஆசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தியில் ஐந்து நிமிடங்கள் விடாமல் பேசினார். அந்தத் தாய்க்கு இந்தி தெரியாது என்று எண்ணிவிட வேண்டா. காய்கறிக்காரனோடும் ரேஷன் கடைக்காரனோடும் அவர் பேசும் இந்தியின் முன்னே நம்முடைய அலுவலக இந்தி நிற்காது. ஆனால் கடைவீதி இந்தி வேறு, பள்ளிக்கூடத்து இந்தி வேறு. "அனுபஸ்தித்" என்ற சொல்லைக் காய்கறிக்காரன் ஒருநாளும் சொல்வதில்லை. ஆகவே அவர் மகனைத் திரும்பிப் பார்த்து, "என்னடா சொல்றாங்க?" என்றார். பையன் சற்றும் தயங்காமல், "நல்லாப் படிக்கிறேனாம்மா" என்றான். தாய் இரு கைகளையும் கூப்பி ஆசிரியைக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார். ஆசிரியை சொன்னதோ, பையன் அந்த மாதத்தில் பாதி நாட்கள் பள்ளிக்கே வரவில்லை என்பது.

எங்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. அந்தத் தாயிடம் உண்மையைச் சொல்வதா, வேண்டாவா என்று தயங்கினோம். பிறர் வீட்டுக் காரியத்தில் தலையிடுவதாகுமோ என்ற கூச்சம். தயங்கித் தயங்கியே வீடு வந்து சேர்ந்தோம். அவர் அடுத்த கூட்டத்திற்கும் வேலையை விட்டு வந்திருப்பார்; மகனே மீண்டும் மொழிபெயர்த்திருப்பான். இன்று உங்கள் முன் வைக்கப்போகும் கோரிக்கை அந்தக் கூச்சத்திலிருந்து பிறந்ததே.

பள்ளியில் மாணவனுக்காகவும் அவன் குடும்பத்திற்காகவும் பரிந்து பேசத் துணை வேண்டும் என்பது தில்லித் தமிழருக்குப் புதிய எண்ணம் அன்று. 1923-இல், சென்னை மாகாணத்திலிருந்து அரசுப் பணிக்காக வடக்கே வந்தவர்கள், தம் பிள்ளைகள் மொழி தெரியாமல் தவிப்பதைக் கண்டு ஒரு கல்விக் கழகத்தைத் தொடங்கினார்கள். அதுவே பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து, மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், இராமகிருஷ்ணபுரம், பூசா சாலை, ஜனக்புரி என்று ஏழு இடங்களில் பள்ளிகளை நடத்தி வருகின்றது. அந்த முன்னோர் செய்தது என்ன? தம் பிள்ளைக்கு ஓர் இடம் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. அடுத்து இரயிலேறி வரப்போகும் குடும்பத்தின் பிள்ளைக்கும் சேர்த்தே கேட்டார்கள். எங்கள் கோரிக்கையின் உயிர்நிலை இதில்தான் இருக்கின்றது.

இப்போது நம் நகரத்தில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 1 அன்று, ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலின் கரையில் இருந்த மதராசி கேம்ப் நீதிமன்ற ஆணையின்படி அகற்றப்பட்டது. அங்கிருந்தவை முந்நூற்றுக்கும் மேற்பட்ட குடிசைகள். பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்து தலைமுறைகளாக வாழ்ந்த உழைப்பாளிக் குடும்பங்கள். மாற்று வீட்டிற்குத் தகுதி பெற்றவர்களுக்கு நரேலாவில் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. மற்றவர்கள் வாடகைக்கு இடம் தேடிச் சிதறினர். அந்த அகற்றம் சரியா, தவறா என்று இங்கே வழக்காட நாங்கள் வரவில்லை. அதைப் பற்றி நம்முள்ளேயே இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் நாளைக் கவனியுங்கள். ஜூன் 1 கோடை விடுமுறையின் நடுப்பகுதி. ஜூலையில் பள்ளி திறக்கின்றது. பழைய பள்ளி நகரின் தெற்கே. புதிய வீடு வடமேற்கு மூலையில், நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால். நாம் மேலே எண்ணிய ஏழு தமிழ்ப் பள்ளிகளுள் ஒன்றுகூட அந்தத் திசையில் இல்லை. வேலையும் போய், வீடும் மாறிய ஒரு தாய், நான்கே வாரங்களில், பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் புதிய பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெரிய பெண்ணை அந்த ஆண்டு வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க முடியாது" என்று ஒரு பள்ளியில் சொன்னார்களாம். பழைய பள்ளிக்கு இரண்டு முறை போய்த் திரும்பியதோடு காசும் தீர்ந்தது, பொறுமையும் தீர்ந்தது.

அன்பர்களே, அந்தத் தாய்க்கு அப்படிச் சொன்னது சட்டப்படி தவறு. குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமை தரும் சட்டம் 2009-இல் இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைக்கு உரியது அது. அதன் 5ஆம் பிரிவு சொல்வதைக் கேளுங்கள். எந்தக் காரணத்தினால் ஆயினும் ஒரு குழந்தை இடம் மாற நேர்ந்தால், மாநிலத்துக்குள் ஆனாலும் வெளியே ஆனாலும், அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறிச் செல்ல அதற்கு உரிமை உண்டு. பழைய பள்ளித் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். அது வரத் தாமதமாயிற்று என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. தாமதம் செய்பவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார். வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கலாகாது என்பது 14ஆம் பிரிவு. ஆதார் அட்டையைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

சட்டம் இருந்தது, அந்தப் பெண் வீட்டில் இருந்தாள். இடையில் இல்லாதது ஒன்றே: அந்தப் பிரிவைத் தெரிந்துகொண்டு, ஒரு தாளில் நான்கு வரி எழுதி, தாயோடு கூடவே நடந்து போய், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கித் திரும்பும் ஓர் ஆள். நம் காலனியிலோ அத்தகைய ஆட்களுக்குக் குறைவில்லை. அமைச்சகங்களில் முப்பது ஆண்டுகள் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஒரு கோப்பு எந்த மேசையில் எதற்காகத் தூங்கும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? அந்த அறிவை ஓய்வூதிய நிலுவைக்காக மட்டுமே பயன்படுத்துகின்றோம்.

இங்கே ஓர் ஐயம் எழும். "பள்ளிக் காரியம் என்றால் நாங்கள் உதவாமலா இருக்கின்றோம்? வேலைக்கார அம்மாவின் பிள்ளைக்காக எத்தனை முறை தொலைபேசியில் சொல்லியிருக்கின்றோம்!" என்று சிலர் கேட்கலாம். உண்மை. அதற்குப் பெயர் சிபாரிசு. அதை நாங்கள் பழிக்கவில்லை, நாங்களும் செய்தவர்களே. ஆனால் சிபாரிசு ஒரு பிள்ளைக்கு இடம் தரும். அடுத்த பிள்ளைக்கு அடுத்த தொலைபேசி வேண்டும். சொல்பவர் பணி மாற்றலாகிப் போனால் அதுவும் போயிற்று. அத்துடன், சிபாரிசினால் வந்த பிள்ளையின் தாய் அதன்பின் அந்தப் பள்ளியில் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்க மாட்டார். தயவினால் கிடைத்ததைப் பற்றி யார் கேள்வி கேட்பார்? நாங்கள் சொல்லும் துணை வேறு. அது உரிமையைக் காட்டி, எழுத்தில், தாயின் பெயரிலேயே கேட்பது. ஒருமுறை அவ்வாறு கிடைத்தால், அந்தப் பள்ளி எழுத்தர் அடுத்த தாயை வெறுங்கையோடு திருப்பியனுப்பச் சற்றே தயங்குவார்.

பள்ளிகளுக்குள்ளேயே இதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் அறியார். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று அமைய வேண்டும் என்கின்றது. உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவரவர் தொகைக்கேற்ற இடம். பள்ளி எப்படி நடக்கின்றது என்று பார்ப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், வந்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்று கண்காணிப்பதும் இக்குழுவின் வேலை. தில்லியில் இக்குழு 16 பேர் கொண்டது; அவர்களுள் 12 பேர் பெற்றோர். தலைமையாசிரியரே தலைவர் என்பது எங்களுக்கு அத்துணை உவப்பானதன்று; தம் பள்ளியைப் பற்றிய குறையைத் தாமே தலைமை தாங்கிக் கேட்பது எவருக்கும் கடினம். எனினும் கல்வியில் ஈடுபாடுள்ள சமூகப் பணியாளர் ஒருவருக்கும் அதில் ஓர் இருக்கை உண்டு. தமிழ்க் குழந்தைகள் மிகுதியாகப் படிக்கும் அரசுப் பள்ளிகளில் அந்த இருக்கையில் நம் சங்கத்தவர் ஒருவர் அமரக் கூடாதா? அதைவிட மேலாக, நம் வீடுகளில் வேலை செய்யும் தாய்மார்களுள் ஒருவர் அந்த 12 பேரில் ஒருவராக வேண்டும். நாம் அவருக்குப் பின்னால் அமர்ந்து நிகழ்ச்சிக் குறிப்பை வாசித்துக் காட்டினால் போதும். கூட்டம் நடக்கும் நாளில் வேலைக்கு விடுப்புத் தர வேண்டியவரும் நாமே என்பதை இந்த அவையில் நினைவூட்டினால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகின்றோம்.

சட்டத்தின் எல்லையையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்த மேலாண்மைக் குழு விதி பொருந்தாது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. அத்தகைய இடங்களில் பிரிவைக் காட்டிப் பேச இயலாது. உறவைக் காட்டித்தான் பேச வேண்டும். தாய்மொழியும் அப்படியே. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350அ என்னும் பிரிவு 1956-இல் சேர்க்கப்பட்டது. முயல வேண்டும் என்பதுதான் சொல். கேட்பவர் கேட்டுக்கொண்டிருந்தால்தான் முயல்பவர் முயல்வார்.

இதுவரை பேசியதைக் கேட்டு, இது ஏழை எளியவர்க்கான அறப்பணி என்று காலனிக் குடும்பங்கள் எண்ணியிருப்பீர்கள். சற்றுப் பொறுங்கள். நம் வீட்டுக்குள்ளும் வருகின்றோம்.

நம் காலனியில் ஒரு பிள்ளை இருக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும். தமிழிலும் மாறும், இந்தியிலும் மாறும், ஆங்கிலத்திலும் மாறும். மூன்று மொழிகளிலும் அடி வாங்குவான். தந்தை சோம்பல் என்பார்; பாட்டி கண்ணேறு என்பார்; ஆசிரியை கவனமின்மை என்பார். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்று அதற்குப் பெயர். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எண்ணிச் சொல்லும் 21 குறைபாடுகளுள் அதுவும் ஒன்று. முறையான சான்று இருந்தால் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வில் கூடுதல் நேரமும், எழுதித் தர ஓர் ஆளும் கிடைக்கும். ஆனால் சான்று வாங்க நாம் போவதில்லை. "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று அஞ்சுகின்றோம். அந்த நாலு பேரும் இந்த மண்டபத்தில்தான் அமர்ந்திருக்கின்றோம். அவர்களுள் ஒருவர், "வாருங்கள், மருத்துவமனைக்கு நானும் வருகின்றேன்" என்று சொன்னால் பாதி அச்சம் கழியும். வீட்டு வேலை செய்யும் தாய்க்கு மொழி தடை. நமக்குக் கௌரவம் தடை. இரண்டில் எது பெரிய சுவர் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

தேர்வைப் பற்றி இன்னொன்று. 2019-இல் செய்த திருத்தத்தின்படி 5ஆம் வகுப்பிலும் 8ஆம் வகுப்பிலும் தேர்வில் தவறிய பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்த அரசுகளுக்கு இடம் உண்டு. ஆயின் அதற்கு முன் கூடுதல் பயிற்சி தந்து, முடிவு வந்த இரண்டு மாதத்திற்குள் மறுதேர்வு வைத்தாக வேண்டும். தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கலாகாது. மறுதேர்வு உண்டு என்பதே தெரியாமல் கோடையில் ஊருக்குப் போய்விடும் குடும்பங்கள் உண்டு. இரயில் பயணச்சீட்டை முன்கூட்டியே எடுத்து வைப்பவர்கள் நாம். மறுதேர்வு நாளை யார் கேட்டு வைக்கின்றோம்?

இனி, இக்குழு எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகின்றோம். பெரிய அமைப்பு வேண்டா; தலைவர், துணைத் தலைவர், மூன்று செயலாளர் என்று பதவிகளைப் பங்கிட்டால் அத்துடன் வேலை நின்றுவிடும். இந்தி எழுதப் படிக்கத் தெரிந்த ஆறேழு பேர் போதும். அவர்களுள் இருவராவது உழைப்பாளிக் குடும்பங்களைச் சேர்ந்த தாய்மார்களாக இருத்தல் வேண்டும். இல்லையேல் நாம் கேட்க விரும்புவதையே கேட்டுக்கொண்டிருப்போம். ஞாயிறுதோறும் காலையில் இரண்டு மணி நேரம் நூலகத்தில் ஒருவர் அமர்ந்திருப்பார். வருபவர் சொல்வதைக் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்: என்ன வகுப்பு, என்ன குறை, யாரிடம் கேட்டார்கள், என்ன பதில், அடுத்து என்றைக்கு. குறிப்பேடு பூட்டி வைக்கப்படும். அதில் உள்ளது திருமண வீட்டில் பேச்சாகக் கூடாது. அடுத்த ஆண்டு மலரில் சாதனைப் பட்டியலாக அச்சேறவும் கூடாது. இம்மலரின் பதிப்பாசிரியர் பொறுத்தருள வேண்டும்.

பெற்றோர் இல்லாமல் நாங்கள் பள்ளிக்குப் போகமாட்டோம். தாய் முதலில் பேசுவார், தெரிந்த இந்தியில். அதன்பின்னரே நாங்கள். பிள்ளையை மொழிபெயர்ப்பாளன் ஆக்க மாட்டோம். அவன் வெளியே விளையாடட்டும். முதலில் வகுப்பாசிரியர். பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் படிப்பையும் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று 24ஆம் பிரிவிலேயே இருக்கின்றது. பெரும்பாலான ஆசிரியர் அதைச் சட்டத்துக்காகச் செய்வதில்லை, மனத்துக்காகச் செய்கின்றனர். ஐம்பது அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறுகின்ற ஆசிரியையிடம் போய்ச் சட்டப் புத்தகத்தை விரித்தால் யாருக்கு நன்மை? பேசித் தீராதது தலைமையாசிரியரிடம் போகும். அங்கும் தீராதது எழுத்தாகும். 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுதிய புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன் மேல் முறையீடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திற்கு. பிள்ளையை அடித்தார்கள், இழிவாகப் பேசினார்கள் என்றால் மட்டும் இந்தப் படிகளுக்குக் காத்திருக்க மாட்டோம். அதை 17ஆம் பிரிவு தடுக்கின்றது, அன்றைக்கே எழுதுவோம்.

மதிப்பெண் கூட்டித் தரச் சொல்லி யாரும் எங்களிடம் வர வேண்டா. விரும்பிய பள்ளியில் இடம் வாங்கித் தரவும் எங்களால் இயலாது. பணம் வாங்கமாட்டோம், தீபாவளிப் பலகாரமும் வேண்டா. பெயர் கெடும் என்பதற்காக மட்டுமன்று, எங்கள் குழுவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய்.

நாங்கள் தோற்கும் நாட்களும் இருக்கும். வீட்டில் நிறுத்தப்பட்ட அந்தப் பெரிய பெண்ணைப் பற்றிச் சொன்னோமே, அவளுக்கு ஓர் ஆண்டு போனது போனதுதான். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்று 4ஆம் பிரிவு சொல்கின்றது. அதைக் காட்டி விண்ணப்பம் ஒன்று எழுதி வைத்திருக்கின்றோம். இன்னும் கொடுக்கவில்லை. தாயின் கையொப்பம் வேண்டும். அவர் தம் கையாலேயே, தமிழில் பெயர் எழுதக் கற்றுக்கொண்டு போடுவதாகச் சொல்லியிருக்கின்றார்.

சென்ற வாரம் அவரிடம், ஞாயிறு காலை நூலகத்துக்கு வரச் சொன்னோம். "வரத்துக்கு மூணு பஸ் மாறணும் சார், போக வர நாளே முடிஞ்சிடும்" என்றார். அதன் பிறகே எங்களுக்கு உறைத்தது. ஆகவே குழுவின் முதல் அமர்வை நூலகத்தில் வைக்கும் எண்ணத்தை மாற்றிக்கொண்டோம். அது நரேலாவில், அவர்கள் குடியிருப்பின் படிக்கட்டடியிலேயே நடக்கும். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சங்க வாயிலிலிருந்து ஒரு வண்டி புறப்படுகின்றது. நான்கு இடங்கள் இருக்கின்றன. இந்தி எழுதத் தெரிந்தவர்கள், இந்தக் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.